காணாக்கடி: பெண்களிடம் யாரும் கேட்காத தேதி

இரவு இரண்டு மணி. கடல்காற்று நின்றுபோன ஆவணிப் புழுக்கம். பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ, கோட்டுச்சேரியின் ஓட்டு வீடொன்றிலோ, ஒரு பெண் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஊறியது. சொறிந்த இடம் சிவந்து தடித்தது. பத்து நிமிடத்தில் பாவாடை நாடா அழுந்திய இடுப்பைச் சுற்றி வரிவரியாக எழும்பியது. பிறகு தொடை, முதுகு, கழுத்து. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே தடவிப் பார்க்கிறாள். வெற்றிலையில் மிளகு வைத்து மென்றாயிற்று. தேங்காயெண்ணெய் தடவியாயிற்று. கடைசியில் அலமாரியில் கிடந்த அவில் மாத்திரை. அது கொடுத்த மயக்கத்தில் நான்கு மணிக்குக் கண்ணயர்ந்து, துறைமுகத்து மீன் ஏலத்தைத் தவறவிட்டு, பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். டாக்டர் கையை நீட்டச் சொல்கிறார். கையில் ஒன்றுமே இல்லை.

"எங்கம்மா தடிப்பு?"

"ராத்திரி முழுக்க இருந்துச்சு டாக்டர்."

காரைக்காலில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. காணாக்கடி என்றும் தடிப்பு என்றும் நாம் சொல்லும் இந்த நோயின் இயல்பே அப்படி. ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடயமில்லாமல் மறைந்துவிடும். வேறோர் இடத்தில் புதிதாக எழும். நோயாளி சொல்வதைத் தவிர டாக்டரிடம் வேறு சான்று இருக்காது. வரிசை நீளம், நேரம் குறைவு. "என்ன சாப்பிட்டீங்க?" என்ற ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்து, பழி மீனின் மேல் விழுந்து, ஐந்து நாள் மாத்திரையோடு அவள் வெளியே வருவாள்.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் அங்கே விடுபட்டுப் போகின்றன. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி எது? அந்த நாள்களில் வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்?

"தலைக்கு ஊத்துற நாள் நெருங்கினாலே எனக்கு இந்த அரிப்பு வந்துடுது" என்று பெண்கள் தங்களுக்குள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தச் சந்தேகத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று மருத்துவ அறிவியல் இன்று ஓரளவு தெளிவாகவே சொல்கிறது.

■ பெட்டிச் செய்தி: நாள்பட்ட காணாக்கடி எது?

தடிப்போ, உதடு, கண் இமை போன்ற இடங்களில் வீக்கமோ, இரண்டுமோ 6 வாரங்களுக்கு மேல் வந்து வந்து போனால் அது நாள்பட்டது. எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கும். ஆண்களைப்போல் இரு மடங்கு பெண்களைப் பிடிக்கிறது. 20 முதல் 40 வயதுக்குள் அதிகம். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தானாக அடங்கிவிடும். தொற்று நோய் கிடையாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துண்டால் துடைத்தாலும் பரவாது.

பெண்ணுடம்பில் ஏன் அதிகம்?

தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒன்று இருக்கிறது. 1878-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் கண்டு பெயர் வைத்தது. அதற்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிறைந்து கிடக்கும். செல் தூண்டப்பட்டு அது கசிந்தால் ரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், தோல் தடிக்கும், அரிக்கும். நாள்பட்ட காணாக்கடியில் இந்தக் கசிவை நடத்துவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பொருள் அன்று. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆளைத் தவறாக அடையாளம் கண்டு மாஸ்ட் செல்லைத் தூண்டிவிடுகிறது.

குழந்தைகளில் ஆண், பெண் இருவருக்கும் காணாக்கடி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. பூப்பெய்திய வயதுக்குப் பிறகுதான் பெண்களின் எண்ணிக்கை உயர்கிறது. இந்த ஒரு விவரமே ஹார்மோன் பக்கம் விரலை நீட்டுகிறது. மாஸ்ட் செல்லின் மேல் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்டிரோனையும் அடையாளம் காணும் ஏற்பிகள் இருப்பதும் உறுதியாகியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்ரோஜன் பட்டால் மாஸ்ட் செல்கள் எளிதில் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அதற்காக ஹார்மோன்தான் நோயைப் படைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அப்படியென்றால் மாதவிலக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் தடிப்பு வர வேண்டுமே. ஏற்கெனவே கரை தொட்டு நிற்கும் வாய்க்காலில் மதகைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற வேலையைத்தான் ஹார்மோன் செய்கிறது. தடிப்பு வரும் உடம்புக்கு அது எந்த நாளில் வரும், எவ்வளவு கடுமையாக வரும் என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம்

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்டிரோன் ஏறத் தொடங்கும். மாதவிலக்கு வருவதற்குச் சற்று முன்பு சரியும். சில பெண்களுக்கு இந்த ஏற்ற காலத்தில் மட்டும், அதாவது மாதவிலக்குக்கு 3 முதல் 10 நாள் முன்பாகத் தடிப்பு தொடங்கி, உதிரப்போக்கு ஆரம்பித்த ஓரிரு நாளில் நின்றுவிடும். மாதம் தவறாமல் இதே நடக்கும். தன் உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோனையே உடம்பு ஏற்க மறுக்கும் நிலை இது. 1921-லேயே மருத்துவ ஏட்டில் இப்படி ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு உண்டு. 1964-இல் வால்டர் ஷெல்லி என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளப்படுத்திப் பெயரிட்டார்.

அரிய நோய்தான். உலக அளவில் பதிவானவை சில நூறுக்குள் அடங்கும். ஆனால் மாதவிலக்குத் தேதியையே கேட்காத மருத்துவத்தில் அரிய நோய் எப்படிக் கண்ணில் படும் என்பது என் கேள்வி. மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும் தடிப்பையும், மாதத்துக்கு ஒரு தடவை நாள் பார்த்து வரும் தடிப்பையும் ஒரே சீட்டில் ஒரே மாத்திரையால் அடக்கினால் வேறுபாடு வெளியே தெரிய வழியே இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வரும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வரும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் வரும். அந்தத் தேதியில் மாதவிலக்கு வந்துவிடக் கூடாது என்று பெண்கள் மெடிக்கலில் வாங்கிப் போடும் தள்ளிப்போடும் மாத்திரை இருக்கிறதே, அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்ட்டிரோன் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கை ஹார்மோன். புரோஜெஸ்ட்டிரோனை ஏற்காத உடம்பில் இதுவே தடிப்பைக் கிளப்பிவிடலாம். அந்த வாரத்தில் திருவிழாச் சாப்பாடும் உண்டு, புது மாத்திரையும் உண்டு. ஆனால் வீட்டார் சந்தேகப்படுவது சாப்பாட்டைத்தான்.

குழந்தைப்பேற்றுக்காகக் கும்பகோணம், தஞ்சாவூர், சென்னை என்று சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்குக் கரு தங்குவதற்காகப் புரோஜெஸ்ட்டிரோன் ஊசியும் மாத்திரையும் தருவார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் அந்தரா கருத்தடை ஊசியும் மூன்று மாதம் வேலை செய்யும் புரோஜெஸ்ட்டிரோன் வகைதான். இவற்றைத் தொடங்கிய பிறகு முதன்முறையாகத் தடிப்பு வந்தால், அந்தத் தேதியைச் சொல்லாமல் தோல் டாக்டரைப் பார்ப்பதில் பயன் குறைவு. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போன்ற மாற்று வழிகள் இருக்கின்றன. குழந்தைக்காகச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மிகச் சிறிய அளவிலிருந்து மருந்தைப் படிப்படியாகக் கூட்டி உடம்பைப் பழக்கும் முறையும் பெரிய மையங்களில் இருக்கிறது. தடிப்பு வந்துவிட்டதாலேயே குழந்தைக் கனவைக் கைவிட வேண்டியதில்லை.

வலிக்குப் போட்ட மாத்திரையா?

எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

மாதவிலக்கு வயிற்றுவலிக்கு நம் பெண்கள் போடும் மாத்திரைகளில் மெஃபெனாமிக் அமிலம் இருக்கும். இல்லையென்றால் புரூஃபன், டைக்ளோஃபினாக். இவை எல்லாம் ஒரே வகை வலி நிவாரணிகள். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு வரை இந்த வகை மாத்திரையால் தடிப்பு அதிகமாகிறது. அப்படியானால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மாதவிலக்கு வருகிறது, வலிக்கிறது, மாத்திரை போடுகிறாள், சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிக்கிறது. அடுத்த மாதமும் அதே. "எனக்கு பீரியட்ஸ் வந்தா தடிப்பு வரும்" என்று அவள் முடிவுக்கு வந்துவிடுகிறாள். அந்த மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது நோயைப் போக்க வந்ததாயிற்றே!

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தடிப்பு மாதவிலக்குக்கு முன்பு தொடங்குகிறதா, மாத்திரை போட்ட பிறகு தொடங்குகிறதா? மாத்திரை போடாத மாதத்தில் வந்ததா, வரவில்லையா? இந்த விடைகளோடு போனால் டாக்டர் வேறு மாத்திரை தருவார். இத்தகையவர்களில் பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் ஒத்துக்கொள்ளும். மெஃபெனாமிக் அமிலத்தைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையமே 2023 நவம்பர் இறுதியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அது காணாக்கடியைப் பற்றியதில்லை. காய்ச்சலோடு தோல் முழுவதும் சிவந்து உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் கடுமையான ஒவ்வாமை ஒன்றைப் பற்றியது. இந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் சாதாரணப் பொருளாக நினைக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

தைராய்டைத் தேடுங்கள்

ஹார்மோனுக்கும் காணாக்கடிக்கும் உள்ள உறவில் மிக உறுதியாக நிறுவப்பட்டிருப்பது தைராய்டு வழியாக வருவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டுச் சுரப்பியையே தாக்கும் நோய் பெண்களுக்குத்தான் அதிகம். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ அந்தத் தாக்குதலின் அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது. பலருக்குத் தைராய்டுப் பரிசோதனையில் டிஎஸ்எச் அளவு சரியாகவே இருக்கும். எதிர்ப்பொருள் மட்டும் மிகுந்திருக்கும்.

2012-இல் இஸ்ரேலிலிருந்து வந்த பெரிய ஆய்வு ஒன்று 12,778 காணாக்கடி நோயாளிகளின் பதிவுகளை அலசியது. தைராய்டுக் குறைபாடு மற்றவர்களைவிட இவர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதோடு, முடக்குவாதம், லூபஸ், முதல் வகைச் சர்க்கரை நோய் முதலியவையும் காணாக்கடி உள்ள பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. அதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. தோலில் எழும் தடிப்பு உள்ளே நடக்கும் இன்னொரு விஷயத்தின் முதல் செய்தியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால் போதும். எடை கூடுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, எந்நேரமும் அசதி. இவற்றோடு தடிப்பும் இருந்தால் தைராய்டுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். "வயசானா அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: தைராய்டு மாத்திரை தைராய்டுக் குறைபாட்டுக்குத்தான். அளவு சரியாக இருப்பவர் தடிப்புக்காக மட்டும் அதைப் போட்டுக்கொண்டால் தடிப்பு நின்றுவிடும் என்று உறுதி இல்லை.

மசக்கை முதல் பிரசவம் வரை

கர்ப்பத்தில் ஹார்மோன்கள் உச்சத்துக்குப் போகும். அப்போது காணாக்கடி கூடுமா, குறையுமா? 13 நாடுகளில் 288 கர்ப்பங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு தந்த விடை ஆறுதலானது. ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குத் தடிப்பு குறைந்தது. பத்தில் மூவருக்கு அதிகமானது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. ஆகவே, பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததுமே எல்லா மாத்திரையையும் நிறுத்தி, இரவெல்லாம் தூங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது தேவையற்ற தண்டனை. லோரடடின், செட்டிரிசின் ஆகியவை கர்ப்ப காலத்தில் நெடுநாள் அனுபவம் உள்ள மருந்துகள். டாக்டர் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். மாமியாரும் அம்மாவும் "புள்ளைக்கு ஆகாது" என்று தடுப்பது அக்கறையால்தான். அவர்களையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் கர்ப்பத்தில் வரும் எல்லா அரிப்பும் காணாக்கடி ஆகாது. கடைசி மாதங்களில் வயிற்றுத் தோல் விரிந்த கோடுகளில் தொடங்கி, தொப்புளை மட்டும் விட்டுவிட்டுப் பரவும் தடிப்பு முதல் கர்ப்பத்தில் சிலருக்கு வரும். குழந்தைக்குத் தீங்கு செய்யாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. தோலில் ஒன்றுமே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால் அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தைக்கு ஆபத்து உண்டு. அன்றே, அல்லது மறுநாள் காலையிலாவது, பிரசவ டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: இதைக் காணாக்கடி என்று விட்டுவிடாதீர்கள்

தடிப்போடு மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், குரல் அடைப்பு, தலைசுற்றல், மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். வீட்டு வைத்தியத்துக்கு அது நேரமில்லை.

ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், அரிப்பைவிட எரிச்சலும் வலியும் தரும், கன்றிய தழும்பு விட்டுப்போகும் தடிப்பு ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம்.

தடிப்பே இல்லாமல் முகம், கை, வயிறு அடிக்கடி வீங்கி, வழக்கமான ஒவ்வாமை மாத்திரைக்கும் ஊசிக்கும் மசியாவிட்டால் அது பரம்பரையாக வரும் வீக்க நோயாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இதைக் கடுமையாக்கும். ரத்த அழுத்தத்துக்குப் போடும் எனலாப்ரில் வகை மாத்திரையாலும் இப்படிப்பட்ட வீக்கம் வரலாம்.

மீனைத் தண்டிக்கும் ஊர்

நாள்பட்ட காணாக்கடி வந்த பெண்ணின் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். முதலில் கருவாடு போகும். அடுத்து இறால், நண்டு. பிறகு முட்டை, கத்தரிக்காய். கரப்பான் பண்டம் என்று யார் யார் எதைச் சொல்கிறார்களோ அதெல்லாம் போகும். கடைசியில் ரசமும் சோறும் மிஞ்சும். நம் கடற்கரையில் ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய நல்ல புரதம் மீன்தான். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவளிடமிருந்து மீனையும் முட்டையையும் பிடுங்குவது நோயோடு இன்னொரு நோயைச் சேர்ப்பது.

நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது அபூர்வம். மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு மீன் சாப்பிட்ட சில நிமிடத்திலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ வரும். சாப்பிடும் ஒவ்வொரு தடவையும் வரும். இதைச் சோதிக்க நம் வீடுகளில் ஒரு மாதமே இருக்கிறது. புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத குடும்பத்தில், அந்த மாதத்திலும் அதே அளவு தடிப்பு வந்திருந்தால் மீனை மன்னித்துவிடலாம்.

ஆனால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் மீனால் தடிப்பு வருவதுண்டு. பிடித்தவுடன் ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் கிருமிகள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தடிப்பு வரும். ஒரே குழம்பைச் சாப்பிட்ட வீட்டில் பலருக்கும் சேர்ந்து வந்தால் கோளாறு மீனின் பதத்தில்தான். அது ஒருநாள் தொந்தரவு. அதை வைத்து ஆயுளுக்கும் மீனை ஒதுக்க வேண்டாம்.

சாப்பாட்டோடு இழப்பு நிற்பதில்லை. மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போகும் பெண்ணின் கையில் தடிப்பைப் பார்த்தால் வாங்க வந்தவர் பின்வாங்குகிறார். பெண் பார்க்க வருகிற நாளில் முகம் வீங்கிவிடுமோ என்று வீடே பதறுகிறது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவளுக்கு இறுக்கமான உடை அழுந்திய இடமெல்லாம் எரிகிறது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும், அழுகை வரும், பயம் வரும். "டென்ஷன் ஆகாதே, அதான் தடிப்பு வருது" என்று அதையும் அவள் குற்றமாகவே மாற்றிவிடுகிறார்கள். மனஅழுத்தம் தடிப்பைக் கூட்டும் என்பது உண்மை. தடிப்புதான் அந்த மனஅழுத்தத்தைத் தருகிறது என்பதும் அதே அளவு உண்மை.

கடைக்கார தம்பி கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை

"அக்கா, இதுல ரெண்டு, அதுல ஒண்ணு, காலையில சரியாயிடும்." சரியாகத்தான் ஆகும். அந்தக் கலவையில் அவிலோடு பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். ஒரு நாளில் தடிப்பு மாயமாகும். நிறுத்திய இரண்டாம் நாள் திரும்பி வரும். மறுபடியும் கடை. இப்படி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்பும், எடை கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மாதவிலக்கும் தாறுமாறாகும். ஹார்மோன் கோளாறால் தடிப்பு வந்ததா என்று தேடிப் போனவளுக்குத் தடிப்பு மாத்திரையே ஹார்மோன் கோளாறைக் கொடுத்துவிடுகிறது. கடுமையான நாள்களில் டாக்டர் மேற்பார்வையில், அதிகபட்சம் பத்து நாள் வரை என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். அதற்கு மேல் ஸ்டீராய்டுக்கு இந்த நோயில் இடமில்லை.

அவில் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள் போய் மயக்கம் தரும். அடுப்பில் நிற்பவருக்கும் ஸ்கூட்டி ஓட்டுபவருக்கும் அது ஆபத்து. நவி மும்பைத் தோல் மருத்துவர் கிரண் கோட்சே உள்ளிட்ட வல்லுநர்கள் 2018-இல் வெளியிட்ட இந்திய வழிகாட்டு அறிக்கையும் உலக வழிகாட்டுதல்களும் ஒன்றையே சொல்கின்றன. மயக்கம் தராத, அல்லது மிகக் குறைவாகத் தரும் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற புதிய வகைதான் முதல் மருந்து. அதைத் தடிப்பு வந்த பிறகு ஓடிப்போய்ப் போடுவதைவிட, தினமும் குறித்த நேரத்தில் போட வேண்டும். ஒரு மாத்திரை போதாவிட்டால் டாக்டர் நான்கு மடங்கு வரை கூட்டலாம். இதைச் சொந்தமாகச் செய்யக் கூடாது. செட்டிரிசின் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மக்கள் மருந்தகத்தில் மிக மலிவு.

அதற்கும் அடங்காதவர்களுக்கு மாதம் ஒரு தடவை போடும் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. 2014-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் காணாக்கடிக்கு இதை அனுமதித்தது. நல்ல பலன் தருகிறது. ஆனால் ஒரு முறைக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. மீன் விற்றும் வீட்டுவேலை செய்தும் பிழைக்கும் பெண்ணுக்கு அது எட்டாத உயரம். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாக வைத்தே அமைந்தவை. மாதாமாதம் வந்து ஊசி போட்டுக்கொண்டு போகும் நோயாளியையும் அவை கணக்கில் எடுத்தாக வேண்டும்.

நம் ஊரின் இருப்பிடமும் ஒரு சிக்கல். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே, புதுச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காரைக்கால். முதல் சீட்டு இங்கே அரசு பொது மருத்துவமனையில். அடுத்தது நாகையில், அதற்கடுத்தது மயிலாடுதுறையிலோ தஞ்சாவூரிலோ, குணமாகாவிட்டால் புதுச்சேரி ஜிப்மரில். ஒவ்வொரு ஊரிலும் கதை முதலிலிருந்து தொடங்கும். முந்தைய டாக்டர் எதைக் கொடுத்தார், எத்தனை நாள் கொடுத்தார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டையும் ஒரே பையில் சேர்த்து வைத்திருப்பது இந்த நோய்க்குப் பாதி வைத்தியம்.

■ பெட்டிச் செய்தி: நாள்காட்டியில் எழுத வேண்டியவை

பால் கணக்கையும் சிலிண்டர் வந்த நாளையும் குறிக்கிற அதே நாள்காட்டி போதும்.

தடிப்பு இல்லாவிட்டால் 0. இருபதுக்குக் குறைவு என்றால் 1. இருபது முதல் ஐம்பது வரை 2. அதற்கு மேல் 3. அரிப்புக்கும் அப்படியே: இல்லை 0, லேசு 1, தொந்தரவு 2, தூக்கத்தையும் வேலையையும் கெடுப்பது 3. இரண்டையும் கூட்டி அன்றைய கட்டத்தில் எழுதுங்கள். ஏழு நாள் கூட்டுத்தொகை 42 வரை போகலாம். 6-க்குள் இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. 28-ஐத் தொட்டால் கடுமை. உலகம் முழுக்கத் தோல் டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இது.

மாதவிலக்கு தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். வலி மாத்திரை, தள்ளிப்போடும் மாத்திரை, கருத்தடை ஊசி எதுவானாலும் பெயரோடு குறியுங்கள். இரவில் எழும் தடிப்பை செல்போனில் படமெடுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும்.

மூன்று மாதத் தாளை விரித்துப் பார்த்தால் பலருக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. அதுவும் பயனுள்ள விடைதான். ஹார்மோனை விட்டுவிட்டு வழக்கமான சிகிச்சையை ஒழுங்காகத் தொடரலாம். சிலருக்கு மாதவிலக்கின் வட்டத்துக்கு முன்னால் எண்கள் ஏறி, பின்னால் இறங்கும். அவர்கள் தோல் டாக்டரோடு மகப்பேறு டாக்டரையும் பார்க்க வேண்டும். வேறு சிலருக்கு வலி மாத்திரை எழுதிய நாள்களில் மட்டும் 5, 6 என்று நிற்கும். அவர்களுக்கு அந்த மாத்திரையை மாற்றினால் பாதிக் கதை முடிந்தது.

மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கும் அக்காமார்களுக்கும் ஒரு சொல். உடம்பு திடீரென்று கொதித்து முகம் சிவந்து வியர்ப்பது அந்தப் பருவத்தின் இயல்பு. அதில் தடிப்பு எழாது. எழுந்தால் அதை "நிக்கிற நேரம்" என்று தள்ளிவிடாமல் தனியாகக் காட்டுங்கள். அந்த வயதில் தைராய்டுக் கோளாறும் ரத்த அழுத்த மாத்திரைகளும் சேர்ந்துகொள்வதால் காரணம் தேடுவது இன்னும் அவசியம்.

காரைக்கால் அரசு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், நம் ஊரின் தனியார் கிளினிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். புறநோயாளிச் சீட்டில் எடையும் ரத்த அழுத்தமும் எழுத இடம் இருக்கிறது. தோல் அரிப்போடு வரும் பெண்ணின் சீட்டில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: கடைசி மாதவிலக்குத் தேதி, கடந்த ஒரு மாதத்தில் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகள். செவிலியரே கேட்டு எழுதிவிடலாம். பணம் செலவாகாது, கருவி வேண்டாம். வாசகிகளே, அந்த வரிகள் சீட்டில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.